தானே அடங்கும் நோய்க்கு வைத்தியர் பலர்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பெரும்பாலோருக்கு முதல் சில தடவை அது தானாகவே அடங்கிவிடும். ஒரு கண்ணில் பார்வை மங்கும்; சில வாரங்களில் திரும்பிவிடும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும்; ஒரு மாதத்தில் உணர்ச்சி வந்துவிடும். இடைப்பட்ட நாளில் எந்த எண்ணெய் தேய்த்தோமோ, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டோமோ, எந்த டாக்டரைப் பார்த்தோமோ, பேர் அங்கே போய்ச் சேரும். இந்த நோயின் 200 ஆண்டு வைத்தியக் கதையில் பெரும்பகுதி, தங்களுக்குச் சேராத பேரை வாங்கிக்கொண்டவர்களின் கதை. வாங்கியவர்களில் போலிகளும் உண்டு, மகா நேர்மையான மருத்துவர்களும் உண்டு.

பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே, 1794-இல் பிறந்தவர். 1822 டிசம்பரில், தகப்பன் இடத்தில் வைத்து நேசித்த ஓர் உறவினரைப் பார்க்க ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார். போய்ச் சேரும்போது அந்த உறவினர் உயிரோடு இல்லை. இழவு வீட்டில் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவருக்கு, அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் கண் மங்கியது. வந்த கடிதங்களை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து அயர்லாந்து போனார். எந்த மருந்தும் இல்லாமலே பார்வை திரும்பியது. இதையெல்லாம் அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1827-இல் இத்தாலியின் ப்ளாரன்ஸ் நகரில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. பித்தம்தான் காரணம் என்றார் டாக்டர். நெற்றிப்பொட்டில் அட்டை விட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், வாந்தி எடுக்க வைத்தார்கள், கையிலிருந்து ரத்தம் வடித்தார்கள். இரட்டைப் பார்வை போய்விட்டது. பித்தக் கொள்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அது போன கையோடு கால்கள் வலுவிழந்தன. வேளைக்கு வேளை மாட்டிறைச்சி, ஒயின், முதுகில் தேய்ப்பு, இரும்புச்சத்து நீர்க்குளியல் என்று வைத்தியம் நீண்டது. 1848-இல் இறக்கும்வரை அவருடைய நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. அந்த நாட்குறிப்பு 1948-இல் அச்சில் வந்தபோதுதான், படித்தவர்களுக்கு அது எம்.எஸ். நோயின் வரலாறு என்று பளிச்சென்று தெரிந்தது.

அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நோயின் தடயத்தை இருவர் வரைந்து வைத்திருந்தார்கள். பிரிட்டனின் ராபர்ட் கார்ஸ்வெல், பிரான்ஸின் ழான் க்ரூவேலியே இருவரும் பிணப் பரிசோதனையில் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் கண்ட கறைகளைப் படமாக்கினார்கள். அந்தக் கறையையும் உயிரோடிருந்தவர் பட்ட பாட்டையும் சேர்த்து ஒரே நோயாக முடிச்சுப் போட்டவர் பாரிஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ழான் மார்ட்டின் ஷார்க்கோ, ஆண்டு 1868. கண்ணின் துடிப்பு, எட்டிப் பிடிக்கப் போகும்போது வரும் கை நடுக்கம், அசை அசையாய் உடையும் பேச்சு, இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படு என்றார். மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார், எட்டிச்சாரமான ஸ்ட்ரிக்னினைக் கொடுத்துப் பார்த்தார், தங்க, வெள்ளி உப்புகளையும் விடவில்லை. பெயர் வைத்தாயிற்று, கையில் மருந்து இல்லை. அடுத்த 125 ஆண்டும் அதே நிலைதான்.

மருந்து இல்லாத இடத்தில் மௌனம் மருந்தாயிற்று. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த புரூஸ் கம்மிங்ஸ் 1915-இல் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனார். அவருடைய மருத்துவர் ஒட்டிய உறையில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். படைக்கு லாயக்கில்லை என்று கடிதத்தைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரயிலில் வரும்போது உறையைப் பிரித்துப் படித்தார். தனக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். அதற்குச் சில வாரம் முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. மணப்பெண்ணுக்கு மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். தெரிந்தேதான் அவர் மணந்தார். சுற்றியிருந்த சிலருக்குத் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது. பார்பெல்லியன் என்ற புனைபெயரில் கம்மிங்ஸின் நாட்குறிப்பு 1919-இல் எச்.ஜி. வெல்ஸின் முன்னுரையோடு வந்தது. அந்த ஆண்டே 30 வயதில் அவர் இறந்தார். நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்ற தயக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டு நீடித்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான் வாதம். மருந்து வந்த பிறகே அந்த வாதம் செத்தது.

நோயை உறுதி செய்த விதத்தைக் கேட்டால் இன்று சிரிப்பும் வரும், கோபமும் வரும். உடலை வருத்தி உழைத்தால் பார்வை மங்குவதை 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் குறித்து வைத்தார். உடல் சூடாவதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்ததும் இதையே சோதனையாக்கி, சந்தேகத்துக்குரியவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பழைய மரத்துப்போதலும் மங்கலும் திரும்ப வந்தால் எம்.எஸ். இந்த வெந்நீர்ச் சோதனை 1980 வாக்கில்கூட வழக்கில் இருந்தது. சூட்டில் பார்வை மங்குவதற்குக் காரணம் எளியது. நரம்பிழைகளைச் சுற்றி மயிலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை இருக்கும்வரை செய்தி தாவித் தாவி ஓடும். நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்கி உரிப்பதுதான் எம்.எஸ். உரிந்த இழை மெதுவாகக் கடத்தும். உடல் வெப்பம் கொஞ்சம் கூடினாலே அதுவும் நின்றுபோகும். தமிழ்நாட்டு நோயாளிக்குச் சித்திரை, வைகாசியில் நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் வருவது இதனால்தான். உடம்பு குளிர்ந்தால் அது போய்விடும். புதிய சேதம் எதுவும் ஆகியிருக்காது.

தானாக அடங்குவதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. தாக்குதல் முடிந்ததும் வீக்கம் வடிகிறது; உரிந்த இழை வேறு வழியில் செய்தி கடத்தப் பழகுகிறது; கொஞ்சம் மயிலின் மறுபடி வளர்கிறது. ஆனால் உடம்பு இதைச் செய்வது கையிருப்பிலிருந்து. கையிருப்பு தீர்ந்த பிறகு வரும் தாக்குதல் முழுதாகச் சரியாவதில்லை.

இது தெரியாத காலத்தில் என்னவெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள்! ஆர்சனிக், பாதரசம், டைஃபாய்டு கிருமியை ஊசியாகப் போட்டு வரவழைத்த காய்ச்சல், எக்ஸ் கதிர். 1940களில் அமெரிக்க நரம்பியலாளர் டிரேசி புட்னம், சிறு நாளங்களில் ரத்தம் உறைவதுதான் காரணம் என்று நம்பி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் குணமான நோயாளிகள் சாட்சி சொன்னார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். அவர்களுக்கு உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்து மடமை என்று ஒதுக்கிவிட முடியாது. 2009-இல் இத்தாலியின் பாவ்லோ சாம்போனி, கழுத்து நாளங்கள் குறுகியிருப்பதே எம்.எஸ். நோய்க்குக் காரணம், பலூன் வைத்து விரித்தால் போதும் என்றார். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நோயாளிகள் கைக்காசைப் போட்டுக்கொண்டு போலந்துக்கும் மெக்சிகோவுக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். விரித்துக்கொண்ட மறுநாள் நடந்து காட்டிய வீடியோக்கள் உலகம் சுற்றின. கடைசியில் சாம்போனியே முன்நின்று மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு விரித்தும் மற்றவர்களுக்கு விரிப்பதுபோல் பாவனை செய்தும் நடத்திய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தன் கொள்கையைத் தானே கவிழ்க்கும் சோதனைக்கு உட்பட்டதற்காக அவரைப் பாராட்டவும் வேண்டும். புட்னத்துக்கும் அவருக்கும் இடையே 70 ஆண்டு. ஏமாந்த விதம் ஒன்றேதான்.

ஸ்டீராய்டு கதையும் இந்த வரிசையில் சேரும். கண் நரம்பு அழற்சிக்கு ஐந்து நாள் குளுக்கோஸ் போல ஏற்றுகிற ஸ்டீராய்டு இன்றும் நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கும் வைத்தியம், தேவையானதும்கூட. ஆனால் 1992-இல் வெளியான பெரிய அமெரிக்கச் சோதனை, அது குணமாவதை வேகப்படுத்துகிறதே தவிர, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பார்வையில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது. "ஊசி போட்டதும் சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய், அதன்பின் நரம்பு டாக்டர் பக்கமே வராமல் இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! நான் பேசிப் பார்த்த நோயாளிகளில் பலரும் முதல் தாக்குதலுக்கும் இரண்டாம் தாக்குதலுக்கும் இடையிலான வருடங்களை இப்படித்தான் கழித்திருக்கிறார்கள்.

திருப்பம் 1981-இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து வந்தது. 10 எம்.எஸ். நோயாளிகளைப் புதிதாக வந்திருந்த எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்தார்கள். சி.டி. ஸ்கேன் காட்டியது 19 தழும்புகள். எம்.ஆர்.ஐ. அவை போக இன்னும் 112-ஐக் காட்டியது. அதன்பின் அதே ஆளை மாதா மாதம் ஸ்கேன் செய்தபோது தெரிந்ததுதான் பேரதிர்ச்சி. நோயாளி நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாதங்களில், மூளையில் புதுத் தழும்புகள் தோன்றியபடி இருந்தன. வெளியே தெரியும் ஒரு தாக்குதலுக்கு உள்ளே பல தாக்குதல்கள். அடங்கியது என்று ஒன்றரை நூற்றாண்டு நம்பியது அடங்கவே இல்லை. இந்த நோயின் வரலாற்றில் அன்று, இன்று என்று ஒரு கோடு போடச் சொன்னால், மருந்து வந்த ஆண்டில் போடமாட்டேன், இங்கேதான் போடுவேன்.

முதல் மருந்து 1993-இல் வந்தது, இன்டர்ஃபெரான் பீட்டா. 372 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் தாக்குதல்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஸ்கேனில் புதுத் தழும்புகளும் குறைந்ததால் நம்பினார்கள். அமெரிக்காவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க மருந்து போதாமல், யாருக்கு முதலில் என்று குலுக்கல் நடத்தினார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைக்கிற, ஊசி போட்ட இரவெல்லாம் காய்ச்சலில் நடுங்கவைக்கிற மருந்துக்குக் குலுக்கல்! அதுவரை வெறுங்கையோடு இருந்தவர்களின் தவிப்பை வேறெப்படிச் சொல்வது?

பிறகு மருந்துகள் வரிசை கட்டின. கிளாட்டிராமர் என்ற ஊசி மருந்தை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் முதலில் உருவாக்கியது, ஆய்வக விலங்குகளுக்கு நோயை வரவழைக்க. அது நோயைத் தடுத்தது. 2004-இல் வந்த நாட்டலிசுமாப் தாக்குதல்களை மூன்றில் இரண்டு பங்கு குறைத்துவிட்டு, சிலருக்கு உயிர்கொல்லி மூளைத் தொற்றையும் கொண்டுவந்தது; மூன்று மாதத்தில் திரும்பப் பெற்றார்கள், 2006-இல் கடும் நிபந்தனைகளோடு மீண்டும் விட்டார்கள். பூச்சியின் மேல் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து கிளைத்த ஃபிங்கோலிமோட் 2010-இல் முதல் மாத்திரையாக வந்தது.

நமக்கு நெருக்கமான கதை ரிட்டக்சிமாப்பினுடையது. ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும். எம்.எஸ். என்றால் டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களின் வேலை என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், கலிபோர்னியாவின் ஸ்டீபன் ஹவுசர் பி செல்களைத் துரத்தினார். 2008-இல் அவர் வெளியிட்ட 104 பேர் சோதனையில் புதுத் தழும்புகள் ஏறக்குறைய மறைந்தே போயின. நியாயப்படி அடுத்த பெரிய சோதனை அதே மருந்தில் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை, காப்புரிமை முடியப்போகும் மருந்தை விட்டுவிட்டு நிறுவனம் அதன் தம்பியான ஒக்ரெலிசுமாப்பை முன்னிறுத்தியது. 2017-இல் அனுமதி பெற்ற அந்த மருந்து அருமையானதுதான். ஆரம்பம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கு அனுமதி பெற்ற முதல் மருந்தும் அதுவே. விலைதான் எட்டாதது. ஸ்வீடன் மருத்துவர்கள் பழைய மருந்தையே பிடித்துக்கொண்டார்கள், 2022-இல் முறையான சோதனை நடத்தி அதன் வலுவையும் காட்டினார்கள். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-லேயே ரிட்டக்சிமாப்பின் மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்திருந்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்கு முதன்முறையாக இடம் கொடுத்தபோது சேர்த்த மூன்றில் ரிட்டக்சிமாப்பும் ஒன்று. இந்திய நோயாளிக்கு இன்று வலுவான மருந்து கைக்கெட்டுகிறது என்றால், பெரும்பாலும் இந்தப் பின்வாசல் வழியாகத்தான்.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. கண்ணையும் தண்டுவடத்தையும் மட்டும் கடுமையாகத் தாக்கும் ஒரு வகையை "ஆசிய எம்.எஸ்." என்று நம் மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அதற்கென்றே ஓர் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஆசிய எம்.எஸ். என்று சொல்லப்பட்டவர்களில் பலருக்கு இருந்தது என்.எம்.ஓ. என்ற வேறு நோய். இன்டர்ஃபெரான் அதை மோசமாக்கும். ஆகவே ஒரு ரத்தப் பரிசோதனையில் வைத்தியமே தலைகீழாக மாறியது.

காரணம் என்ன என்ற கேள்விக்கு அன்று குளிர், துக்கம், அதிர்ச்சி என்று பதில். டெஸ்டேயின் அடக்கிய அழுகையும் அதில் சேர்த்தி. இன்று கைக்கு அகப்பட்டிருப்பது ஒரு வைரஸ். 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன் பார் வைரஸ் உலகின் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 95 பேர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைக் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது? ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷேரியோ குழு 1 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்த ரத்த மாதிரிகளில் தேடியது. எம்.எஸ். வந்த 801 பேரில் 35 பேருக்கு முதல் மாதிரியில் வைரஸ் இல்லை. அவர்களில் 34 பேருக்கு நோய் தொடங்கும் முன் தொற்று வந்திருந்தது. தொற்றுக்குப் பின் ஆபத்து 32 மடங்கு. 2022-இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு விவாதம் பெருமளவு ஓய்ந்தது. வைரஸ் இல்லாமல் நோய் வருவது மிக அரிது. வைரஸ் மட்டும் போதாது. பரம்பரைக் கூறுகள், வைட்டமின் டி குறைவு, புகை, வளரிளம் பருவத்து உடற்பருமன் இவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வர நாலில் ஒரு வாய்ப்புதான்.

இடமும் பேசுகிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களிடம் இந்த நோய் அரிதாக இருந்தது. அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடம் பிரிட்டிஷார் அளவுக்கு ஏறியிருப்பதை 1990-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரில் இது வெள்ளைக்காரர் வியாதி என்று அலட்சியமாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஆண்களைவிட அவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, அதுவும் 20க்கும் 40க்கும் இடையில், கல்யாணமும் பிள்ளைப்பேறும் நடக்கும் வயதில். அன்று பிள்ளை பெறாதே என்றார்கள். 1998-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் தாக்குதல்கள் நன்றாகக் குறைகின்றன, பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் கூடுகின்றன, மொத்தத்தில் நோய் இதனால் முற்றுவதில்லை என்று காட்டியது. நரம்பியல் அன்றே மாறிவிட்டது. மாப்பிள்ளை வீடு இன்னும் மாறவில்லை. பார்பெல்லியனுக்கு நேர்ந்ததன் மறுபக்கமாக, இங்கே பெண்ணுக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே மருந்தை நிறுத்தும் குடும்பங்கள் இருக்கின்றன.

மருந்துகள் வென்றது தாக்குதல்களை மட்டும்தான். தாக்குதல் எதுவும் இல்லாமலே வருடக்கணக்கில் மெல்ல நடை தளரும் அந்தக் கட்டத்துக்கு எதிராக இன்றும் மருத்துவத்தின் கை வலுவாக இல்லை. கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் உதவும் என்று பெரிதும் எதிர்பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது, உதவவில்லை. அதே ஆண்டு டோலிபுரூட்டினிப் என்ற மாத்திரை இயலாமை கூடும் ஆபத்தை 31 சதவீதம் குறைத்ததாக முடிவு வந்தது. சிலருக்குக் கல்லீரலைப் பதம் பார்த்ததும் தெரிந்தது. உரிந்த மயிலினைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டி நோயாளியின் கைக்கு வரவில்லை.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ். நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் சலுகைகள் உண்டு. ஆனால் இந்த நோயாளி ஒரு நாள் நடப்பார், ஒரு நாள் நடக்க மாட்டார். சான்று தரும் முகாமுக்கு அவர் நடக்க முடிகிற நாளில் போனால் சதவீதம் குறையும். சட்டம் எழுதியவர்கள் இந்த நோயின் குணத்தை யோசித்ததாகத் தெரியவில்லை.

இளவயதில் ஒரு கண் மங்கி, கண்ணை அசைத்தால் வலித்தால், அல்லது கை காலோ இடுப்போ ஒரு நாளைக்கு மேல் மரத்திருந்தால், அது தானாகச் சரியாகிவிட்டாலும் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். எம்.எஸ். என்று உறுதியானால், நன்றாக இருக்கும் மாதங்களில்தான் மருந்துக்கு வேலை அதிகம். நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்தாதீர்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு அவைதான் வேண்டும்.